காது என்று பேர் எடுத்தவர்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்றபடி பட்டறையிலும் சரி, பாட்டுக் கூட்டத்திலும் சரி, அவர் வெறும் 'காது'. "காது வந்தாச்சா?" "காது என்ன சொல்றாரு?" என்றுதான் விசாரிப்பார்கள். சிலருக்கு வாய் பெரிது, சிலருக்குக் கை நீளம். இவருக்குக் காது. உருவத்தில் அது எல்லோருக்கும் போலத்தான். கீர்த்திதான் பெரிது.

பட்டறை, அலுமினிய ஜன்னல் செய்கிற இடம். நீளநீளமான சட்டங்களை அளவுக்கு அறுத்துத் தள்ளுவது அவர் வேலை. வட்ட பிளேடு சுழல்கிற மெஷினை வலது கையால் அழுத்திக் கீழே இறக்கினால், சட்டம் வீறிட்டுக்கொண்டு இரண்டாகும். அடுத்த தெருவில் தொட்டிலில் கிடக்கிற குழந்தை எழுந்து அழும். முதலாளி எல்லோருக்கும் ரப்பர் அடைப்பான் வாங்கிக் கொடுத்திருந்தார். காது அதை இடது காதில் மட்டும் செருகிக்கொள்வார். வலது காது பிளேடு பக்கம் திறந்தே இருக்கும். கேட்டால் காரணம் தயாராக இருந்தது.

"பிளேடு மழுங்கினா சத்தம் மாறும். அது என் காதுல விழணும். ரெண்டையும் அடைச்சுக்கிட்டு அறுக்கறதுக்கு நான் எதுக்கு?"

சும்மா சொல்லவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் திடீரென்று நிறுத்தி, "மாத்து" என்பார். கண்ணாடி பொருத்துகிறவர் வந்து, அறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அப்போதுதான் பிசிறு கட்டத் தொடங்கியிருக்கும். பட்டறையில் அந்தப் பேர் அப்படி வந்தது.

பாட்டுக் கூட்டத்தில் அதே பேர் வேறு வழியாக வந்தது. ஒரு பாட்டுக்காரர் இருந்தார். ரசிகர்கள் அவரை 'மின்மேளம்' என்பார்கள். வயலிலும் படகிலும் வேலை செய்கிறவர்கள் பாடுவதை அவர்கள் வாயாலேயே பதிந்து வந்து, அதோடு தோல்மேளத்தையும் கம்ப்யூட்டர் ஒலிகளையும் சேர்த்துத் தருவார். காது இவருடைய வெறியர். ஒருமுறை ரசிகர்களின் செல்போன் குழுவில், "நாலாவது பாட்டில் மேளத்தின் தோல் ஈரமாக இருக்கிறது" என்று எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் மின்மேளமே ஒரு வரி அனுப்பினார்: "அன்றைக்கு மழை. யாருங்க கண்டுபிடிச்சது?"

அதற்கப்புறம் யார் சிரிப்பார்கள்? புது ஆல்பம் எது வந்தாலும் காது கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறவரைக்கும் பாதிக் குழு வாயைத் திறக்காது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடை மாடியில் கூடுவார்கள். அங்கே ஜன்னலோர நாற்காலி அவருடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. பாட்டை ஹெட்போனில்தான் கேட்கவேண்டும். ஸ்பீக்கர் என்பது கும்பலுக்கு. ஆனால் ஹெட்போன்தான் அவருக்கு வாய்க்கவில்லை. எதை வாங்கினாலும் கொஞ்ச நாளில் வலது பக்கம் மங்கிவிடும். கடைக்கு எடுத்துப்போய்ச் சண்டை போட்டு மாற்றி வருவார். மாற்றி வந்ததும் மங்கும். "இந்தக் காலத்துல எதையும் ஒழுங்கா செய்யறதில்ல" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மங்கலுக்கே பழகிப்போனார்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். மனைவி கல்யாணத்துக்கு முன்பு திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்த்தவள், மடிப்பு வைப்பதில் கெட்டிக்காரி. சில வருஷங்களுக்கு முன்னால் தெருக்கோடியில் அப்படி ஒரு கடை வந்தபோது, போகலாமா என்று ஒரு யோசனை அவளுக்கு இருந்தது. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கே இஷ்டமில்லை போலிருக்கிறது என்று காது நினைத்துக்கொண்டார். "நான் இன்னிக்கு வரைக்கும் அவளை எதுக்கும் தடுத்தது இல்ல" என்று வெளியில் நாலு பேரிடம் சொல்வதில் அவருக்குப் பெருமை.

மனைவியிடம் ஒரு வீம்பு மட்டும் அவருக்குப் பிடிக்காது. கடைத்தெருவில் நடக்கும்போது அவருக்கு இடது பக்கமாகத்தான் வருவாள். அந்தப் பக்கம் லாரி வந்தாலும் சரி, சாக்கடை வந்தாலும் சரி. "ஓரமா வாயேன்" என்றால், "எனக்கு இதுதான் வசதி" என்பாள்.

அந்த நிலைமையில்தான் மின்மேளத்தின் புது ஆல்பம் வந்தது. பெயர், இரண்டு கரை.

காது வேலை விட்டு வந்து, குளித்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். முதல் பாட்டில் ஏதோ மெஷின் மூச்சு விடுவதுபோல ஒரு இரைச்சல். அதன்மேல் சொட்டுச்சொட்டாகக் கம்ப்யூட்டர் ஒலி. பிறகு வெறும் இடைவெளி. மேளம் வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அடுத்த பாட்டிலும் அதே இரைச்சல், அதே இடைவெளி. இலவு காத்த கிளி கதைதான். கடைசிப் பாட்டில் மட்டும் யாரோ ஒரு பெண் குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆள், இப்படி ஏமாற்றலாமா?

உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பை எழுதி அனுப்பினார். "மின்மேளத்தில் மின் மட்டும் மிச்சம். மேளம் போய்விட்டது. ஆல்பம் முழுக்க ஒரு அடி கூட இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே."

குழு இரண்டுபட்டது. இரண்டு என்று சொல்வதும் கௌரவத்துக்குத்தான். ஒருவர் கேட்டு அழுதேன் என்றார். ஒருவர் பஸ்ஸில் கேட்டேன், நல்ல தூக்கம் வந்தது என்றார். ஒருவர் பழைய மாதிரி இல்லை என்றார். அவர் மின்மேளத்தின் முதல் ஆல்பத்துக்கே அப்படித்தான் சொன்னவர். இன்னொருவர், "எனக்கு ஒண்ணும் புரியலை, அதனால பெரிய விஷயமாத்தான் இருக்கும்" என்று எழுதினார். "மேளம் பிரமாதம்" என்று முந்திக்கொண்டு போட்டிருந்த இரண்டு மூன்று பேர், காதின் தீர்ப்பைப் பார்த்ததும் தங்கள் வரிகளைச் சத்தமில்லாமல் அழித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் என்று ஒருவர் உண்டு. காது தும்மினால் அதிலும் தாளம் கண்டு தலையாட்டுகிறவர். "அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நானும் மூணு தடவ கேட்டேன். மேளம்னு ஒண்ணு இருந்தாத்தானே கேக்கும்!" என்று எழுதினார்.

எதிர்த்து நின்றது ஒரே ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற டீச்சர். குழுவில் அதிகம் பேசாதவள். "இதுவரைக்கும் வந்ததில் இதுதான் உசத்தி. படகோட்டுகிற அந்தப் பெரியவர் வரிக்கு வரி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மேளம் அவர் மடியிலேயே இருப்பதுபோல அத்தனை பக்கத்தில்" என்று எழுதியிருந்தாள்.

"எந்தப் பெரியவர்? கனவில் வந்தவரா?" என்று காது பதில் போட்டார். குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. டீச்சர் அசரவில்லை. தனியாக அவருக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவரும் மேளமும் வலது பக்கம் மட்டும்தான் வருது. மெஷின் இடது பக்கம். அதுக்குத்தான் ரெண்டு கரைன்னு பேரு வெச்சிருக்காரு. ஒரு தடவ வலது பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்களேன்."

காதுக்கு உடனே நெஞ்சு லேசானது. அட, ஹெட்போன் கோளாறு! சனியனே என்று அதைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே கும்பிட்டுவிட்டார். "வாங்கண்ணே, வலது பக்கம்தானே?" ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். தலை தானாக ஆடத் தொடங்கியது. "நல்லாத்தானே பாடுது. யாரோ வயசானவர். மேளம் சும்மா அள்ளுது."

"எங்க, குடு." காது மாட்டினார். இரைச்சலும் சொட்டும். "உன் கடையில ஏதாவது வயர் லூசா இருக்கும்."

கடைக்காரர் நிதானமானவர். "அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்காதீங்க. நானும் இத்தனை ஹெட்போன் மாத்திக் குடுத்துட்டேன். நீங்க திருப்பிக் குடுத்ததெல்லாம் எங்க வீட்டுலதான் பாடிக்கிட்டு இருக்கு. ஒரு தடவ காதைக் காட்டிடுங்க."

"ஊரே என்னைக் காதுன்னு கூப்பிடுது. எனக்குக் காதைக் காட்டணுமா?" ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற பழமொழியை அவரே பல பேருக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. விருட்டென்று வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அது கேட்டது. தோல்மேளம். வறண்ட தோல், விரல் நுனியால் தட்டுகிற அடி. அதன்மேல் ஒரு கிழக் குரல் துடுப்புப் போடுகிற இழுவையில் பாடிக்கொண்டிருந்தது. வரிக்கு வரி மூச்சு வாங்கியது. சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. உள்ளே மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் செல்போன் உப்பு ஜாடிமேல் சாய்ந்து நின்று தனக்கிருந்த சின்ன ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டு இது?"

"நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்களே, அதுதான். அப்படி என்ன இருக்குன்னு போட்டேன். நல்லாத்தான் இருக்கு."

காது செல்போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு கரை, முதல் பாட்டு. இரைச்சலும் சொட்டும் எல்லாம் இருந்தன. அதோடு மேளமும் இருந்தது. எல்லாம் ஒரே ஓட்டை வழியாக வந்து, வேலை செய்கிற ஒரே காதில் விழுந்தன. அவர் செல்போனை வலது காதுப் பக்கம் கொண்டுபோய் அணைத்தாற்போல வைத்தார். பாட்டு தூரப் போயிற்று, யாரோ கதவைச் சாத்தியதுபோல. இடது பக்கம் கொண்டுவந்தார், வந்தது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் காது பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். இடது பக்கத்துக்கு மளமளவென்று அழுத்தினார். அவளே, "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காதுங்க" என்றாள். பிறகு வலது பக்கம். அவர் காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் ஏதோ திருகிக்கொண்டே போனது. பொத்தான் கையில் சும்மா இருந்தது.

"ஏம்மா, இந்த ஹெட்போன்ல வலது பக்கம் போயிருக்கும்னு நெனைக்கறேன்" என்றார்.

அந்தப் பெண் இதைப் பல பேர் சொல்லிக் கேட்டவள் போலிருக்கிறது. எழுந்து வந்தாள். ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, வலதை இடதிலும் இடதை வலதிலுமாக மாட்டிவிட்டாள். "இப்ப?"

வலது பக்கத்துக்கு அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த சத்தம், இடது காதில் இடி மாதிரி இறங்கியது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஹெட்போன் நல்லா இருக்குங்க" என்றாள் அவள்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். அடைப்பான் வைப்பதில்லையா என்று கேட்டார். ஒரு பக்கம் மட்டும் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கேட்கவேண்டும் என்றுதான் அந்தக் காதைத் திறந்து வைத்தேன் என்று சொல்லக் காதுக்கு நா எழவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த நாள் பட்டறையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி பொருத்துகிறவர் பார்த்துவிட்டு, இடது பக்கமாகச் சுற்றி வந்தார். அவர் எப்போதும் அப்படிச் சுற்றித்தான் வருவார் என்பது காதுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"நான் 'மாத்து'ன்னு சொல்லியே ரொம்ப நாளாச்சே. பிளேடு யாரு மாத்தறது இப்பல்லாம்?" என்று காது கேட்டார்.

"நான்தாண்ணே. நீங்க சாப்பிடப் போறப்ப மாத்திடுவேன்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு கொஞ்ச வருஷம். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." அவர் முடிக்கவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சைக்கிள் கடை மாடிப்படியில் ஏறும்போது காதுக்கு ஒரு வழி இருந்தது. 'மறுபடி கேட்டேன், மனசு மாறிவிட்டது' என்று சொன்னால் போதும். ரசிகர்கள் அதைத்தான் தினமும் செய்கிறார்கள். யாரும் காதைப் பிடித்துத் திருகிப் பார்க்கப் போவதில்லை. பேரும் நிற்கும், நாற்காலியும் நிற்கும். டயர் வாசனை அடிக்கிற அந்தப் படியில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். மேலே டீச்சர் யாரோடோ பேசுவது கேட்டது. கனவில் வந்தவரா என்று கேட்டு அவளை ஊர் சிரிக்க வைத்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏறினார்.

நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "என் வலது காது போயிடுச்சு. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியாது. மேளம் இருக்கு. பெரியவரும் இருக்காரு. எனக்குத்தான் கேக்கல. டீச்சர், உங்களைக் கிண்டல் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து வந்து, "உட்காருங்க சார்" என்று அவருடைய நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து, எல்லோரும் அவருக்கு இடது பக்கம் வரும்படி சுவரோரமாகப் போட்டாள்.

மருந்துக்கடைக்காரர் பாடுதான் திண்டாட்டம். எல்லோர் பார்வையும் அவர்மேல் திரும்பியது. அவர் இரண்டு காதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது வந்து... எனக்கும் கேக்கலையேண்ணே!" என்றார். முதலில் டீச்சர் சிரித்தாள். பிறகு காது சிரித்தார். அதன்பின் மாடியே சிரித்தது. அன்றைக்கு இரண்டு கரையை ஸ்பீக்கரில் போட்டார்கள். அழுதவர் மறுபடி அழுதார். பழைய மாதிரி இல்லை என்றவர் மறுபடி அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் காது ஹெட்போனை எடுத்தார். ஆஸ்பத்திரிப் பெண் செய்த மாதிரி திருப்பி மாட்டினார். இந்த முறை மெஷின் இல்லை. மேளமும் பெரியவரும் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல. பாட்டு முடிந்ததும் ஹெட்போனை நேராக்கி மெஷினைக் கேட்டார். மறுபடி திருப்பினார். இனிமேல் எதையும் இரண்டு தடவை கேட்கவேண்டும், அவ்வளவுதானே, கேட்டால் போயிற்று என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே வந்து, வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"உங்க காதைப் பத்தி உங்ககிட்டயே நான் சொல்றதா? ஹெட்போன் கடைக்காரன் பட்ட பாடு போதாதா?" ஒரு சட்டையை உதறி மடித்தாள். "தெரிஞ்சதும் இந்தப் பக்கம் வந்துட்டேன். அதுக்கு முன்னாலதான் கஷ்டமா இருந்துச்சு."

"என்ன கஷ்டம்?"

"அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவேன். நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. ஏதோ கோவம்னு நெனச்சுக்குவேன். ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்ன தப்பு பண்ணினோம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்."

"அப்ப என்னவெல்லாம் சொன்ன?"

"எவ்வளவோ. அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம்?"

"ஒண்ணாவது சொல்லு."

அவள் மடித்த துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "திரைச்சீலைக் கடையில கூப்பிடறாங்க, போகட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நீங்க வாயே திறக்கல. சரி, இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்."

"நான் எப்படி வேணாம்பேன்? நாளைக்கே போ."

"எங்க போறது? அந்தக் கடையைக் காலி பண்ணிக்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. இப்ப அங்க டீக்கடை." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமெல்லாம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அடுப்படியில் பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது.

காது ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆல்பத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதை எப்படித் திருப்புவது? பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இடது காது அவள் பக்கம் இருக்கும்படி போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

"எதை?"

"ஞாபகம் இருக்கறதை எல்லாம். மொதல்லேர்ந்து."